மண்வெட்டிக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்: பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டப் பிரதேச சபைகளின் மதிப்புக்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் முப்பத்தொரு ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியன் இம்மடலை எழுதுகிறேன். 'நாட்டின் முன்னேற்றத்தில் இளைஞர்களின் பங்கு' என்ற தலைப்பில் பேச்சுப் போட்டிகளுக்கு எத்தனையோ பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி அனுப்பியிருக்கிறேன். அவர்களும் 'நாளைய தலைவர்கள்' என்று தொடங்கி, மணி அடிப்பதற்கு முன்னரே முடித்து, புள்ளிகளும் சான்றிதழ்களும் பெற்று வந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இப்போது முப்பது வயதாகிறது. நாங்கள் நாளை என்று சொல்லிக்கொடுத்த நாள் வந்து நெடுங்காலமாயிற்று. வந்த அந்த நாளில் எங்கள் ஊரும் எங்கள் சபைகளும் அவர்களை எதற்கு அழைத்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், சிரமதானத்துக்கு, ஊர்வலத்தில் பதாகை பிடிக்க, விழாவுக்குக் கதிரை அடுக்க, தேர்தல் வந்தால் வேட்புமனுவில் இளைஞர் ஒதுக்கீட்டை நிரப்பக் கையொப்பமிட என்பதற்கு மேல் என் நினைவில் அதிகம் வரவில்லை. உடலுழைப்பைக் கேட்டிருக்கிறோம், பெயரைக் கேட்டிருக்கிறோம். அவர்கள் கண்டதையும் கணக்கிட்டதையும் கேட்டது மிகக் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கும் அதிகாரம் உங்கள் கைகளில், சட்டப்படியே இருக்கிறது என்பதனால்தான் இம்மடலை அமைச்சர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசி வாரத்தில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேலேயுள்ள குளங்களிலிருந்து வரும் தண்ணீர் ஒருபுறமும் வாவியின் ஏற்றம் மறுபுறமுமாக, படுவான்கரையில் வீதி எது, வயல் வட்டை எது என்று தெரியாமற் போயிற்று. அதே வாரத்தில், 26ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில், வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்ந்த வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் தண்ணீரில் இழுபட்டுக் குழந்தைகள் மாண்டார்கள். அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு வந்த இரவு, என்னிடம் படித்தவர்கள் ஐந்து பேர் என் வீட்டுத் திண்ணையில் வந்து இருந்தார்கள். ஒருத்தி கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்து முடித்து வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருப்பவள். ஒருவன் கட்டாரில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்து இங்கே மேசன் வேலை செய்கிறவன். ஒருவன் உழவு இயந்திரம் ஓட்டுகிறவன். மற்ற இருவரும் உயர்தரம் முடித்தவர்கள். உழவு இயந்திரம் ஓட்டுகிறவன்தான் கேட்டான்: "நம்மட ரோட்டில எந்த இடத்தில எவ்வளவு தண்ணி நிக்கும் எண்டு ஆருக்காவது தெரியுமா சேர்?" எனக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் பிறந்து அறுபத்து மூன்று வருடம் வாழ்ந்த எனக்குத் தெரியவில்லை.

வெள்ளம் வடிந்த பின் அவர்கள் பதினெட்டு நாட்கள் அளவுநாடாவோடு நடந்தார்கள். வீட்டுச் சுவர்களிலும் கிணற்றுக் கட்டுகளிலும் சேறு படிந்திருந்த கோட்டின் உயரத்தை அளந்து எழுதினார்கள். 2011ஆம் ஆண்டு ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீடு வீடாகக் கேட்டார்கள். 57ஆம் ஆண்டு வெள்ளத்தைச் சிறுபிள்ளையாகக் கண்ட ஓர் ஆச்சி, தன் தகப்பன் நெல் மூட்டைகளைத் தூக்கிக் கட்டிய மரம் நின்ற இடத்தைக் காட்டியிருக்கிறார். ஊரெல்லைக்குள் இருக்கும் மதகுகள் இருபத்து மூன்று என்றும், அவற்றில் ஒன்பது தூர்ந்து கிடக்கின்றன என்றும், அந்த ஒன்பதில் இரண்டு, வீதியை உயர்த்தக் கிறவல் மண் கொட்டியபோது மூடுண்டு போயின என்றும், நான்கு இடங்களில் தண்ணீர் வீதியைக் கடந்தே போகிறது என்றும், அந்த நான்கில் ஒன்றில் வளர்ந்த ஆளின் இடுப்பளவு வந்தது என்றும் ஒரு சீ.ஆர். கொப்பியில் இலக்கமிட்டு எழுதி, கோட்டுப்படமும் வரைந்தார்கள். நான் செய்ததெல்லாம் கூட்டல் கழித்தலைச் சரிபார்த்ததும், 'ஏறக்குறைய' என்று எழுதிய இடங்களைத் திரும்ப அளக்கச் சொன்னதுந்தான்.

அந்தக் கொப்பியின் பிரதியைச் சபை ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தேநீர் கிடைத்தது, படம் எடுத்தார்கள், முகநூலில் 'இளைஞர்களின் முன்மாதிரி' என்று போட்டார்கள். நான்கு மாதம் பதிலில்லை. போய்க் கேட்டபோது, "அதையெல்லாம் எங்கட உத்தியோகத்தர் பார்ப்பார் தம்பி, நீங்க உங்கட அலுவலைப் பாருங்க" என்று அன்பாகவே சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வாரம் அதே பிள்ளைகளுக்குத் தொலைபேசி வந்தது: பிரமுகர் ஒருவர் வருகிறார், வீதியோரப் புல்லை வெட்ட வேண்டும், மண்வெட்டி கத்தியோடு காலை ஆறு மணிக்கு வாருங்கள். அவர்கள் போனார்கள், வெட்டினார்கள். அவர்கள் புல் வெட்டிய இடங்களில் ஒன்று, கொப்பியில் 14 என்று இலக்கமிட்டிருந்த, கிறவலுக்குள் மூடுண்ட மதகின் தலை.

அப்போது உங்கள் சபைகளில் உறுப்பினர்கள் இருக்கவில்லை. 2018 பெப்ரவரி 10 தேர்தலில் தெரிவானவர்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி அடுத்த தேர்தல் நடக்கும்வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலேயே சபைகள் ஓடின. ஆகவே அந்தக் கொப்பியின் கதி உங்கள் தவறன்று. இனி எழுதப்படும் கொப்பிகளின் கதி உங்கள் பொறுப்பு.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், ஒவ்வொரு சபையும் தனக்குக் குழுக்களை அமைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது: நிதியும் கொள்கையாக்கமும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழினுட்ப சேவைகள், சுற்றாடலும் வசதிகளும். இவை உங்களுக்குத் தெரிந்தவை. குழுக்களுக்குப் பெயர் போட்டு முதல் அமர்விலேயே அறிக்கையிலும் பதிந்திருப்பீர்கள். பலர் கவனிக்காமல் விடுவது, சபை உறுப்பினரல்லாத, அப்பிரதேசத்தில் வாழும் மக்களையும் இக்குழுக்களில் சேர்த்துக்கொள்ள இடமிருக்கிறது என்பதை. அதாவது, வாக்குக் கேட்டு வெல்லாத ஒரு பிள்ளையும், வடிகானைப் பற்றியோ குப்பையைப் பற்றியோ நூலகத்தைப் பற்றியோ முடிவெடுக்கும் மேசையில், அழைப்பிதழில் பெயர் வரும் விருந்தாளியாக அல்லாமல், குழுவில் ஒருவராக இருந்து பேசலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், கொழும்பின் அனுமதி வேண்டாம், நிதி ஒதுக்கீடும் பெரிதாக வேண்டாம். ஒரு தீர்மானமும் இரண்டு கதிரைகளும் போதும்.

அடுத்த ஆண்டுக்கான பாதீட்டை டிசம்பர் முடிவதற்குள் நிறைவேற்றுவீர்கள். அதன் வரைவை மக்கள் பார்வைக்கு வைப்பது வழக்கம். ஆனால் வைக்கப்படும் இடம் பெரும்பாலும் அலுவலக விறாந்தையிலுள்ள அறிவித்தற் பலகை. அதன் ஒரு பிரதியை உங்கள் பொறுப்பிலுள்ள வாசிகசாலை ஒவ்வொன்றிலும் வைக்கச் சொல்லி ஒரு வரி எழுதினால், அங்கே பத்திரிகை பார்க்க வருகிற, அரச பரீட்சைகளுக்குப் படிக்க வருகிற பிள்ளைகளின் கண்ணில் அது படும். வீடு, காணிகளுக்கான சோலை வரியில் எவ்வளவு வருகிறது, சந்தைக் குத்தகையில் எவ்வளவு, முத்திரைத் தீர்வையில் எவ்வளவு, சம்பளம் போக வீதிக்கு மிஞ்சுவது என்ன என்று ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளை, 'சபை ஒன்றும் செய்யவில்லை' என்று சும்மா முகநூலில் எழுதமாட்டாது. இந்தத் தலைப்பில் இவ்வளவு இருக்கிறது, அதை ஏன் செலவழிக்கவில்லை என்று எழுதும். அது உங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம். ஆனால் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது.

கொப்பிக்குப் பதில் வராததன் பின், அந்தப் பிள்ளைகள் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கும் அச்சட்டப்படி, இந்நாட்டுப் பிரசை எவரும், ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லாமலேயே கேட்கலாம். தகவல் தரப்படுமா இல்லையா என்பதைத் தகவல் உத்தியோகத்தர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குப் பதில் வந்தது. அதை வாசித்தபோதுதான், முப்பது வருடம் அந்த வீதியில் சைக்கிள் மிதித்த எனக்கும், வீதி என்பது ஒரே வீதியல்ல என்று விளங்கியது. செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் ஏ-5 போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை; சீ, டீ தர வீதிகள் மாகாண சபைக்குரியவை; ஊருக்குள் இருப்பவை உங்களுக்குரியவை; வயலுக்குப் போகும் பாதைகளும் வாய்க்கால்களும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கோ நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ உரியவை. தூர்ந்து கிடந்த ஒன்பது மதகுகளில் சபைக்குரியவை நான்கே. மற்ற ஐந்தைப் பற்றி, அவற்றுக்குரிய திணைக்களங்களுக்கு ஒரு கடிதந்தானும் அனுப்பப்படவில்லை என்பதும் அப்பதிலில் இருந்தது. தண்ணீருக்கு இந்தப் பிரிவினை தெரியாது. மாகாண சபை மதகில் அடைபட்டால் பிரதேச சபை வீதியில் ஏறிப் போகும். இத்தனை அலுவலகங்களின் எல்லைகளையும் ஒரே தாளில் கண்டவர்கள் அந்த ஐந்து பிள்ளைகள் மாத்திரமே. அலுவலகங்களில் இருப்போரின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கோப்புக்குள் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்குக் கோப்பு இல்லை, நடக்கக் கால்கள் இருந்தன.

வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான எங்கள் வாவியின் தண்ணீர் ஏறும் ஒவ்வொரு மாரியிலும், பாலமீன்மடுவில் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணல் திட்டை எப்போது வெட்டுவது என்ற வாக்குவாதம் எழுகிறது. வேளாண்மைக்காரர் பயிர் மூழ்குகிறது, இன்றைக்கே வெட்டுங்கள் என்பார்கள். வாவியில் வலை போடுகிறவர்களுக்கு வேறு கணக்கு இருக்கும். இரண்டு பக்கமும் சொல்வது உண்மைதான். ஆனால் இந்த வட்டையில் இத்தனை அங்குலம், அந்தத் துறையில் இத்தனை அங்குலம் என்று பல ஊர்களிலிருந்தும் அன்றன்று எழுதி வந்த ஒரு பதிவு அந்தக் கூட்டத்தின் மேசையில் இருந்தால், சத்தம் கூடிய பக்கத்துக்கு வெட்டுவது என்ற நிலை கொஞ்சமாவது மாறும். அளவுகோல் ஒன்றை நட்டு, காலையும் மாலையும் பார்த்து, தொலைபேசியில் அனுப்புவது பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிட வேலை. கிழக்குக் கரையான எழுவான்கரையில் பத்துப் பேர், படுவான்கரையில் பத்துப் பேர் போதும். அதைப் பெற்றுக்கொள்ள ஒரு குழு சபையில் இல்லாவிட்டால், அதுவும் இன்னொரு கொப்பியாய்ப் போகும்.

இளைஞருக்கு அனுபவம் போதாது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், ஒருகாலத்தில் சொல்லியுமிருக்கிறேன். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு வரும்போது, ஊரிலுள்ள ஆயிரக்கணக்கானோருக்கு அன்னதானம் சமைப்பவர்கள் யார்? அரிசி எத்தனை மூட்டை, விறகு எவ்வளவு, தண்ணீர் வண்டி எத்தனை மணிக்கு என்று எழுதி, மறுநாள் கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர்மாருக்கு முன்னால் கணக்கை வாசித்து, ஒரு நூறு ரூபாய் பிசகினாலும் ஏச்சு வாங்குகிறவர்கள் யார்? கூத்துக்குச் சட்டம் கொடுத்து வேடங்களைப் பங்கிடும் நாளில், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வயதைக் கேட்பதில்லை. குரலைக் கேட்கிறார், ஆளைப் பார்க்கிறார், தருமர் வேடத்தை இருபது வயதுக்காரனிடம் கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் அவனோடு இருந்து பழக்குகிறார். கோயிலிலும் கூத்துக் களரியிலும் நம்பிக்கையோடு கொடுக்கும் பொறுப்பை, ஒரு வடிகான் விடயத்தில் ஏன் கொடுக்க அஞ்சுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளார், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறியது 1916இல், இருபத்து நான்கு வயதில். அவர் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியரும்கூட. அவருடைய சிலைக்கு மாலை போடும் நாளில் வெள்ளை உடையில் வரிசையாக நிற்க மட்டும் இருபத்து நான்கு வயதுக்காரரை நாங்கள் அழைக்கிறோம்.

இன்னொரு மறுப்பு, இதைவிடக் கனமானது: இளைஞர் ஊரில் எங்கே இருக்கிறார்கள்? 2022ஆம் ஆண்டில் மாத்திரம் வெளிநாட்டு வேலைக்கென்று இந்நாட்டை விட்டுப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். எங்கள் ஒழுங்கையிலேயே நான்கு வீடுகளில் ஆண்பிள்ளைகள் இல்லை. போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடத்தில், அவர்கள் அனுப்பிய காசுதான் பல வீடுகளில் அடுப்பெரித்தது. நாட்டுக்கு டொலர் வந்த வழிகளில் அதுவும் ஒன்று. அது பங்களிப்பு அல்லவென்று சொல்லும் மேடைப் பேச்சாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் போவதற்கான காரணங்களைக் கேட்டால் சம்பளத்துக்கு அடுத்ததாக ஒன்றைச் சொல்கிறார்கள். எங்கள் மேசன் தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அங்க நான் சொன்ன ஒரு யோசனைய எஞ்சினியர் கேட்டு மாத்தினார் சேர். இஞ்ச வந்து ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேட்டதில்ல." நாற்பது மாடிக் கட்டடத்தின் அத்திவாரத்தில் நின்று வேலை பார்த்தவனிடம், இரண்டடி மதகு ஒன்றைப் பற்றிக் கேட்க எங்கள் சபைகளுக்குத் தோன்றவில்லை.

சிறிய சபையின் சிறிய விடயங்கள், இதில் நாட்டின் முன்னேற்றம் எங்கே வந்தது என்று கேட்கலாம். அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டைப் பாருங்கள். உள்ளூராட்சி மன்றங்களின் வண்டிகள் கொட்டிய குப்பையில் யானைகள் பொலித்தீனைத் தின்று மடிந்த படங்கள் உலகம் முழுவதும் போயின. எந்த வண்டி எந்த நாளில் எதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுகிறது என்பதைச் சபையில் எவரும் கேட்காமல் விடும்போது, அது நாட்டின் பெயரோடு சேர்ந்துவிடுகிறது.

ஆகவே என் வேண்டுகோளை நேராகவே சொல்கிறேன். உங்கள் நான்கு குழுக்களிலும் முப்பது வயதுக்குட்பட்ட இருவரையாவது சேருங்கள். அதில் ஒருவர் பெண்பிள்ளையாக இருக்கட்டும். சுற்றாடற் குழுவை, மாரி தொடங்குவதற்கு முன் கூட்டுங்கள். மற்றவை பின்னர் வரலாம், தண்ணீர் காத்திருக்காது. தெரிவைக் கட்சி அலுவலகத்தில் செய்யாதீர்கள்; இளைஞர் கழகத்தில் பத்து வருடமாகத் தலைவராக இருக்கிறவரின் மருமகனோடு முடித்துக்கொள்ளவும் வேண்டாம். ஒவ்வொரு வட்டாரத்திலும் விண்ணப்பிக்க விடுங்கள், ஒரு சிறு வேலையைக் கொடுத்து அதைச் செய்து வருகிறவரை எடுங்கள்: தன் ஊரில் எரியாத வீதி விளக்குகளைக் கம்ப இலக்கத்தோடு எழுதி வரச் சொன்னாலே, யார் நடந்தார் யார் நடக்கவில்லை என்பது தெரிந்துவிடும். குழுவில் அவர்கள் கேட்ட கேள்விக்கும் கொடுத்த தாளுக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள். முடியாது என்றாலும், 'இந்தக் காரணத்தால் முடியாது' என்று எழுதிக் கொடுங்கள். ஏற்கப்படாத யோசனையைவிட, பதிலில்லாத யோசனைதான் பிள்ளைகளை அதிகம் சலிப்படையச் செய்கிறது என்பதை முப்பத்தொரு வருட வகுப்பறையில் கண்டேன். திருத்தாத கொப்பியைத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த நாள் அந்தப் பிள்ளை கணக்குச் செய்து வராது.

சிரமதானத்துக்கும் கூப்பிடுங்கள், வருவார்கள். வெள்ளம் வந்தால் நீங்கள் கூப்பிடாமலேயே வருவார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்த அன்று எழுவான்கரைக்கு யார் அழைத்து யார் போனார்கள்? சோற்றுப் பார்சலோடும் தோணியோடும் படுவான்கரையிலிருந்து போன அந்த இளந்தாரிகளுக்கு இன்று ஐம்பதை நெருங்கும் வயது. உங்களில் சிலர் அவர்களுள் இருந்திருக்கவும் கூடும்.

14ஆம் இலக்க மதகு இன்னும் கிறவலுக்குள்தான் கிடக்கிறது. அது எங்கள் சபைக்குரிய நான்கில் ஒன்று. எங்கள் சபையின் சுற்றாடற் குழு கூடும் திகதியை வாசிகசாலைக் கதவில் எழுதி ஒட்டினால், கொப்பியோடு ஐந்து பேர் வருவார்கள். இல்லை, நால்வர்தான், மேசன் தம்பிக்கு அடுத்த மாதம் விசா வருகிறதாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.